பதினொரு நிமிடம்

குளிர்பெட்டிக் கதவில் மூன்று சான்றிதழ்கள்.
காந்தம் இரண்டுதான்.
மூன்றாவது, பீட்சாக் கடை விளம்பரத்தின் மேல்
பசைநாடாவில் தொங்கியது.

டொலீடோவில் ஜனவரி.
மாமீ ஆறு கரையோரத்திலிருந்து உறைந்துகொண்டு வரும்.
எனக்குச் சலவைக்கடையில் வேலை:
துவைக்கும் இயந்திரங்கள் இருபத்துநான்கு, உலர்த்திகள் பதினாறு.
எந்த எண்ணைக் கண்டாலும் பிரித்துப் பார்க்கும் காலம் அது.
இருபத்தாறு பிட் முகமூடி போட்டால்
தெருவுக்கு அறுபத்திரண்டு வீடு.
முதல் எண்ணிலும் கடைசி எண்ணிலும்
யாரும் குடியேறக் கூடாது, சட்டம்.
யாருடைய போர்வையையோ மடித்துக்கொண்டே
முகவரிகளைப் பங்கு வைப்பேன்.

அந்த விளம்பரங்களை எழுதுவது யார்?
தொடக்கநிலைப் பணி. மூன்றாண்டு அனுபவம் கட்டாயம்.
பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம்,
கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.
நாற்பத்தொரு விண்ணப்பம் போட்டேன்.
ஒன்பது பேர் மறுத்தார்கள்,
மற்றவர்கள் மறுக்கக்கூட இல்லை.
ஒரு மறுப்பு 'அன்புள்ள ரோனால்டு' என்று தொடங்கியது.
நான் ரெனாட்டா.
ரோனால்டுக்கும் கிடைக்கவில்லையே என்று
கொஞ்ச நேரம் வருத்தப்பட்டேன்.

பிறகு அந்தச் சனிக்கிழமை.
அட்டை தேய்க்கும் கருவிகள் எல்லாம்
ஒரே நேரத்தில் ஊமையாயின.
அழுக்குத் துணியோடு பதின்மூன்று பேர் வரிசையில்.
முதலாளி ஸ்டெல்மாக் கம்பெனிக்காரனை அழைத்தார்;
அவன் திங்கட்கிழமை வருவானாம்.
பதினோராம் உலர்த்திக்குப் பின்னால்
முழங்காலில் ஊர்ந்து போனேன்.
பஞ்சுத் தூசு. ஒற்றைக் காலுறை.
ஒரு சின்ன ஸ்விட்ச்,
அதன் விளக்குகள் எல்லாம் பேய் பிடித்ததுபோல்
சேர்ந்து துடித்துக்கொண்டிருந்தன.

இந்தத் துடிப்பை எனக்குத் தெரியும்.
இரண்டாம் தேர்வு, விடை இ.
தொங்கிய கேபிளை அநாதையாக விட மனமில்லாமல்
யாரோ காலித் துளையில் செருகியிருக்கிறார்கள்,
இரண்டு முனையும் ஒரே பெட்டியில்.
தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு.
ஒரே சேதி சுற்றிச் சுற்றி, பெருகிப் பெருகி,
வேறெவரும் வாய் திறக்க வழியில்லை.
உருவினேன்.
வெளியே ஒரு கருவி 'பிப்' என்றது. அப்புறம் இன்னொன்று.
ஏட்டுச் சுரைக்காய் அன்றுதான் முதன்முறையாக மணத்தது,
சூடான பஞ்சின் வாசனையில்.
(சற்றுமுன் அங்கே தூசு உறிஞ்சியவர் ஸ்டெல்மாக்.
நான் சொல்லவில்லை.)

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் நேர்காணல்.
இமானி பிக்ஸ்பி என் ஒற்றைப் பக்கத்தைத்
திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளை.
"உண்மையான நெட்வொர்க்கில் எவ்வளவு அனுபவம்?"
"பதினொரு நிமிடம்."
அவர் சிரிக்கவில்லை. "சொல்லுங்கள்" என்றார்.
காலுறை உட்படச் சொன்னேன்.
"உருவும் முன் எதைச் சோதித்தீர்கள்?"
எதையுமில்லை. கை நடுங்கியது.
முதலில் உருவியது தப்பான கேபிளை.
அதையும் சொன்னேன்.
அப்போதுதான் அவர் பேனாவை எடுத்தார்.

இரவுப் பணி.
அடையாள அட்டையில் என் பெயர் சரியாக இருந்தது,
இரண்டு முறை படித்தேன்.
முதல் வாரம் முழுக்கக் கேபிளுக்கு லேபிள் ஒட்டினேன்.
இரண்டாம் வாரம், விடியும் நேரம்,
ஏழாம் போர்ட்டை மூடச் சொன்னார்கள்.
பதினேழை மூடினேன்.
கட்டணப் பிரிவின் தொலைபேசிகள் மொத்தமும்
நான்கு நிமிடம் செத்துக் கிடந்தன.

மன்னிப்புக் கேட்க மாடியேறினேன்.
அங்கிருந்த பெண் காப்பிக் கோப்பையோடு நிமிர்ந்தாள்:
"நீங்களா அது?
நாளைக்கும் முடியுமா?"

கீழே வந்து
குறிப்பேட்டில் பழைய எண்ணை அடித்துவிட்டு எழுதினேன்,
பதினைந்து.